நாரத்தை நிறம்

அன்றைக்குத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டது நீதான். மறந்துபோச்சு என்று சொல்லாதே, சரக்கு பார்த்த ஒரு காலையைக்கூட மறக்கிற ஆள் இல்லை நீ. வாயில் வரும்போது அண்ணாச்சி, வாங்க, உட்காருங்க, காபி சொல்லட்டுமா எல்லாம் வரும், இருபது வருஷத்துக்கு மேலாக வந்துகொண்டுதான் இருக்கிறது, ஆனால் மனசுக்குள் எனக்கு நீ, நீ மட்டும்தான். வீட்டுக்காரர் போய், தாலி கிடந்த இடம் கழுத்தில் இன்னும் வெளுப்பாகத் தெரிந்த நாள் அது. முதன்முதலாக நானே மலைக்கு ஏறி, நானே காட்டில் பழம் பார்த்து, நானே லாரிக்கு முன்னால் உட்கார்ந்து வந்து இந்த மண்டியில் இறக்கின சரக்கு. மொத்தமாக வாங்குகிற நீ வரிசையாக வந்தாய். ஒவ்வொரு கடையிலும் துண்டை விரித்து, அதற்கு அடியில் கடைக்காரன் விரலைப் பிடித்து, பக்கத்தில் நிற்கிறவனுக்கும் தெரியாமல் விலை பேசி முடித்து, துண்டை எடுத்து அடுத்த கடைக்கு நகர்ந்து, அப்படியே என் கூடைகளுக்கு முன்னால் வந்து நின்றாய். ஒரு பழத்தை எடுத்து முகர்ந்தாய், நல்ல பழம் என்று உன் மூக்குச் சொன்னது எனக்குத் தெரிந்தது. நான் கையை நீட்டினேன். நீ என் கையைப் பார்த்தாய், துண்டைப் பார்த்தாய், உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வீட்டில் ஆம்பளை யாரும் இல்லையா என்று கேட்டாய். ஆம்பளை இருந்தால் நான் ஏன் வரப்போகிறேன். மண்டியே சிரித்தது. நீட்டின கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு கூடை வைக்கோலைச் சரிசெய்கிற மாதிரி பாவனை பண்ணினேன், அந்த வைக்கோல் குத்தினது இப்போதும் உள்ளங்கையில் இருக்கிறது. சிரித்தவர்களில் பாதிப் பேர் இன்றைக்கு என் லாரியைத்தான் வாடகைக்குக் கேட்டு வருகிறார்கள், அது வேறு விஷயம். இல்லை, அதுதான் விஷயம். அதை நான் எப்படி வேறு விஷயம் என்று சொல்வேன், ஒவ்வொரு டயரும் என் தொண்டைத் தண்ணி.

வருகிறாய். இன்றைக்கும் கிழக்குக் கோடியில் வாழைத்தார்க் கடைகளுக்கு நடுவில் உன் வெள்ளைத் துண்டு தெரிகிறது. மலை ஆரஞ்சின் முதல் லோடு இறங்குகிற அன்றைக்கு நீ விரலில் பேசுகிற விலைதான் அந்த சீசனுக்குத் தலைவிலை, அதை வைத்துத்தான் மற்றவன் எல்லாம் ஏற்றுவான் இறக்குவான், இது உன் அப்பா காலத்திலிருந்து இங்கே நடக்கிற வழக்கம். இந்த வருஷம் முதல் லோடு என் கடையில் இறங்கியிருக்கிறது. மலைமேல் தோட்டம் வைத்திருக்கிற காட்டுக்காரர்கள், வேறு எவனையும் நம்பாமல், ஒச்சம்மா கையில் கொடுத்தால் ஒச்சம்மா பார்த்துக்கொள்ளும் என்று அனுப்பின பழம். நீ என் கடைமுன் நின்று துண்டை விரிக்காமல் தாண்டிப் போனால் மத்தியானத்துக்குள் மலை பூராவும் தெரிந்துவிடும், இரண்டாவது லோடு பாண்டித்துரை கடையில் இறங்கும், மூன்றாவதும் அங்கேதான். பக்கத்துக் கடைப் பாண்டித்துரை காலையிலேயே வந்து நின்று பல்லைக் காட்டினான். சோணைக்குத்தான் கையில் மாவுக்கட்டாமே அக்கா, நான் வேணா என் கையைத் தரட்டா. உன் கையை உன் சட்டைப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொள் தம்பி, யாராவது எடுத்துக்கொண்டு போய்விடப் போகிறார்கள் என்றேன். சிரித்துக்கொண்டே போனான், ஆனால் போய்விடவில்லை, தூணுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டு இருக்கிறான். எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். லோடுமேன்கள்கூட டீயை மெதுவாகக் குடிக்கிறார்கள்.

சோணை கை. இப்போது ஒடிந்து மாவுக்கட்டில் கிடக்கிறது, ஆனால் இத்தனை வருஷமும் என் விலை அந்தக் கை வழியாகத்தான் உன்னிடம் வந்தது. நான் அவன் காதில் சொல்வேன், அவன் உன் துண்டுக்கு அடியில் கையை விடுவான், நீ அவன் கண்ணைப் பார்ப்பாய், அவன் என் கண்ணைப் பார்ப்பான். பக்கத்தில் நான் நிற்பேன், சொந்தச் சரக்குக்கு வேடிக்கை பார்க்க வந்தவள் மாதிரி. நல்லவன் சோணை, என் வீட்டுக்காரரோடு மூட்டை தூக்கினவன், அவனைக் குறை சொல்ல மாட்டேன். முன்பு ஒரு சீசனில் லாரிக் கதவு இடுக்கில் அவன் மோதிர விரல் நசுங்கி, ஆறின பிறகும் மடங்காமல் போச்சு. துண்டுக்கு அடியில் நாலு விரலைச் சேர்த்துப் பிடிக்க வேண்டிய இடத்தில் மூன்றுதான் அவனுக்குப் பிடிபட்டது. நான் நாலு என்றுதான் சொல்லி அனுப்பினேன், நீ மூன்று என்று எடுத்துக்கொண்டு துண்டை உருவிவிட்டாய். விரல் பேசினால் பேசினதுதான், அதைத் திருப்பிக் கேட்கிற வழக்கம் இந்த மண்டியில் இல்லை. நான் கேட்கவில்லை. சோணை அன்றைக்கு அழுதான், நான் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். காட்டுக்காரர்களுக்கு நாலு விலைதான் போய்ச் சேர்ந்தது, எப்படி என்று அவர்களுக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் உனக்குத் தெரியும். சோணை விரல் மடங்காது என்று உனக்குத் தெரியும், வாரத்துக்கு வாரம் பிடித்த கையாயிற்றே. மூன்று இல்லை நாலு என்று அந்த விரலே உன் உள்ளங்கையில் விறைத்துக்கொண்டு நின்று சொல்லியிருக்கும். நீ கேளாத மாதிரி இருந்துகொண்டாய். என் கையாக இருந்திருந்தால், என் கை எல்லா விரலும் மடங்குகிற கை. முறுக்கிப் பிடித்திருப்பேன், உன் மோதிரம் உன் சதைக்குள் போயிருக்கும்.

தர்பூசணிக் கடைக்கு வந்துவிட்டாய். தோலை உரித்துப் பார்த்தால் மனசு அடங்கும், என் கூடையிலிருந்து ஒரு ஆரஞ்சை எடுக்கிறேன். பச்சைத் தோல். மலை ஆரஞ்சு நம் வெயிலில் முழுசாக நிறம் மாறாது, குளிர் வேண்டும் அதற்கு, உள்ளே தேனாக இருக்கும் வெளியே பச்சையாக இருக்கும், நாக்பூர்ப் பழத்தைப் பார்த்துப் பழகின டவுன்காரர்கள் காய் என்று தள்ளிவிட்டுப் போவார்கள். பழம் பச்சை, பேர் ஆரஞ்சு. நேற்று சுகப்பிரியா போனில் இதைக் கேட்டுத்தான் அப்படிச் சிரித்தாள். என் மகள். மதுரையில் இங்கிலீஷ் எம்.ஏ. படிக்கிறாள், வகுப்பில் ஒவ்வொருவரும் ஒரு வார்த்தையை எடுத்து அது எங்கே பிறந்து எங்கே வளர்ந்தது என்று பேச வேண்டுமாம், அவள் ஆரஞ்சை எடுத்திருக்கிறாள். வேறு எதை எடுப்பாள், ஆரஞ்சு தின்று ஆரஞ்சு விற்று ஆரஞ்சுக் கூடைக்குள் தூங்கி வளர்ந்தவள். நான் முதல் லோடை நினைத்துக்கொண்டு உம் கொட்டிக்கொண்டிருந்தேன். அம்மா கேளும்மா என்றாள். இங்கிலீஷ்காரனுக்கு ரொம்ப காலம் ஆரஞ்சு நிறத்துக்குப் பேரே கிடையாதும்மா. மஞ்சச் சிவப்புன்னு சொல்லிட்டுத் திரிஞ்சிருக்காங்க. பழம் கப்பல்ல போய் இறங்கின பிறகுதான் பழத்துப் பேரை நிறத்துக்கு வச்சாங்க. நான் சொன்னேன், நிறம் முதலிலேயே இருந்திருக்குமே, நெருப்பு இருக்கும், சாயங்கால வானம் இருக்கும். இருந்ததும்மா, எல்லாம் இருந்தது, பேர்தான் இல்லை என்றாள்.

பேர்தான் இல்லை. அங்கேதான் எனக்குச் சிக்கினது, ராத்திரியெல்லாம் முள் மாதிரி. இங்கிலீஷ்காரன் ஊரில் ஒரு சின்னக் குருவி இருக்கிறதாம், நெஞ்சு அப்படியே ஆரஞ்சு நிறமாம், ஆனால் அதற்குச் சிவப்பு நெஞ்சு என்றுதான் பேர். பேர் வைத்த காலத்தில் ஆரஞ்சு என்கிற வார்த்தை வந்து சேரவில்லை. பிறகு வார்த்தை வந்தது, ஆனாலும் குருவிக்குப் பேரை மாற்றவில்லை, இன்றுவரை சிவப்பு நெஞ்சுதான். அந்தக் குருவிக்கு எப்படி இருக்கும். தன் நெஞ்சைத் தானே குனிந்து பார்த்தால் ஒரு நிறம், கூப்பிடுகிறவன் வாயில் வேறொரு நிறம். எனக்கு இந்த மண்டியில் என்ன பேர். வந்த புதிதில் வீட்டுக்காரர் பேரை வைத்து மாயாண்டி பொண்டாட்டி. பிறகு மாயாண்டி விதவை, அதையும் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். போர்டு வைத்தேன், ஒச்சம்மாள் பழ மண்டி என்று ஆள் உயரத்துக்கு எழுதிவைத்தேன், வெளியூர்க்காரன் இறங்கி எங்கே என்று கேட்டால் அங்கே சோணை கடை என்று கையைக் காட்டுகிறார்கள். பக்கத்தில் எது ஏற்கெனவே தெரியுமோ அதன் பேரை ஒட்டிவிடுவது. மஞ்சள் பக்கத்தில் இருந்தால் மஞ்சள், சிவப்பு பக்கத்தில் இருந்தால் சிவப்பு. நடுவில் ஒருத்தி தனி நிறமாக நிற்கிறாளே என்று எவனுக்கும் தோன்றாது. தோன்றினால் வேறு பேர் வைப்பார்கள், நாரத்தை என்று. நாரத்தை வருது பார், இன்னிக்கு எவன் வாய் கசக்கப்போகுதோ. முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள், ஆனால் எனக்குக் காது முதுகிலும் இருக்கிறது. கசக்காமல் இருந்திருந்தால் என்னை உரித்துத் தின்றிருப்பார்கள், தோலைக்கூட மிச்சம் வைத்திருக்க மாட்டார்கள்.

அதைத்தான் சுகப்பிரியாவிடம் சொல்லாமல் இருந்தேன், இத்தனை வருஷமாக. அம்மாவை மண்டியில் நாரத்தை என்பார்கள் என்று பிள்ளையிடம் எப்படிச் சொல்வது. அவளாகவே சொன்னாள், அந்தப் பேரைப் பற்றி ஒன்றும் தெரியாமல், போனில் சாதாரணமாக. ஆரஞ்சு என்கிற வார்த்தையே இங்கிருந்து போனதுதானாம். உறுதியாக அடித்துச் சொல்ல முடியாதாம், ஆனால் படித்தவர்கள் நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்களாம். நம்ம நாரத்தை இருக்குல்லம்மா, அது மாதிரி ஒரு தென்னாட்டு வார்த்தைதான் வடக்கே போய் நாரங்கம்னு ஆகியிருக்கணும், பாரசீகத்துக்குப் போச்சு, அரபிக்காரன் தூக்கிட்டு ஸ்பெயினுக்குப் போனான், அங்கே நாரஞ்சா. நடுவில் எங்கோ முன்னால் இருந்த ந விழுந்துவிட்டதாம், தார்ப்பாய் கட்டாத லாரியில் கூடை விழுகிற மாதிரி, எந்த ஊரில் விழுந்தது என்று ஆளுக்கொன்று சொல்கிறார்களாம், இங்கிலீஷுக்குப் போய்ச் சேரும்போதே அது இல்லையாம். பிரெஞ்சுக்காரன் தங்கத்துக்குச் சொல்கிற வார்த்தையும் அதோடு ஒட்டிக்கொண்டு முன்னெழுத்து கொஞ்சம் மாறினதாம். தங்கம். நாரத்தை கடல் தாண்டித் தங்கத்தோடு உரசிவிட்டு வந்திருக்கிறது. கேரளாவிலிருந்து வருகிற வியாபாரிகள் என் கூடையைப் பார்த்து மதுர நாரங்ங, அதாவது இனிப்பு நாரத்தை, என்று சொல்வதை ஆரம்பத்திலிருந்து கேட்டுக்கொண்டு இருக்கிறேன், காதுக்குள் போச்சே தவிர மண்டைக்குள் போகவில்லை. போனது கசப்பாகப் போய் வந்தது இனிப்பாக வந்திருக்கிறது. வெளிநாடு போனவன் கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டு வந்து இறங்கினால் சொந்தத் தெருவே அடையாளம் தெரியாமல் சார் என்று எழுந்து நிற்குமே, அது மாதிரி நாமும் அதை ஆரஞ்சு ஆரஞ்சு என்று தட்டில் வைத்துக் கும்பிடுகிறோம், வீட்டோடு கிடந்த நாரத்தைக்கு உப்பைத் தடவி ஜாடியில் அடைக்கிறோம். எப்படிம்மா இருக்கு என்றாள். நல்லா இருக்கு ஆத்தா, வகுப்பில் சத்தமாப் பேசு, குரலைக் குறைக்காதே என்றேன். என் மகளுக்கு அதை நான் சொல்ல வேண்டியதே இல்லை.

எலுமிச்சைக் கடை. அங்கே நீ உட்கார்ந்துவிட்டாய், வயசாகிவிட்டது உனக்கும், முழங்காலைத் தடவுகிறாய். துண்டு விழுகிறது, உள்ளே கைகள் போகின்றன. எனக்கு இங்கிருந்தே தெரிகிறது என்ன பேசுகிறாய் என்று. மூடி மறைத்துவிட்டதாக நீங்கள் நினைக்கிறீர்கள், முழங்கைக்குக் கீழே நரம்பு ஆடுவதை எந்தத் துண்டு மூடும். ஒதுக்கி நிறுத்தினாய், ஒதுங்கி நின்றேன், நின்ற இடத்திலிருந்து உங்கள் அத்தனை பேர் நரம்பையும் படித்தேன். எத்தனை விரல், எந்த விரலின் பாதி, கட்டைவிரலால் தேய்த்தால் என்ன, நகத்தால் கீறினால் என்ன. வீட்டில் சுகப்பிரியாவை உட்காரவைத்து மடியில் துண்டைப் போட்டு மிட்டாய்க்கும் ரிப்பனுக்கும் விரலில் விலை பேசுவேன், அது அவளுக்கு விளையாட்டு, எனக்குப் பள்ளிக்கூடம். ஒரு முறைகூட அந்தப் பிள்ளை என்னிடம் ஏமாந்ததில்லை. ஆனாலும் இப்போது பழத்தைக் கீழே வைத்துக் கையைச் சேலையில் துடைக்கிறேன். ஆரஞ்சுத் தோலின் எண்ணெய் நகக்கண்ணில் எரிகிறது. வீட்டுக்காரர் போன பிறகு இந்தக் கையை எந்த ஆம்பளையும் பிடித்ததில்லை என்பதா இப்போது போய் ஞாபகம் வர வேண்டும். பிடித்தால் என்ன ஆகும். வளையல்காரன் பிடிக்கிறான், நடுத்தெருவில் உட்கார்ந்து எலும்பு நொறுங்குகிற மாதிரி நசுக்கி வளையலை ஏற்றுகிறான், எந்த ஊர் என்ன சொன்னது. பஸ்ஸில் கண்டக்டர் சில்லறையைக் கையில் திணிக்கிறான். டாக்டர் நாடி பார்க்கிறார். வாங்குகிற கையை எவன் வேண்டுமானாலும் பிடிக்கலாம், விற்கிற கை என்றால்தான் மானம் மரியாதை எல்லாம் வந்து குறுக்கே படுத்துக்கொள்கிறது. நீ தாண்டிப் போய்விட்டால். போய்விட்டால் என்ன செய்வேன். கத்துவேன், அது எனக்கு வரும். ஆரம்பத்தில் அப்படித்தான் பிழைத்தேன், துண்டு கொடுக்காதவர்களுக்குத் தொண்டையைக் கொடுத்தேன், விலையை வெட்டவெளியில் கூவி விற்றேன், மறைப்பது பிடிக்காத கேரளாக்காரர்கள் அதற்காகவே என்னைத் தேடி வந்தார்கள். அது போதுமே என்று சோணை சொல்வான். போதாது. நான் சத்தம் போட்டு வாங்கினது எல்லாம் எனக்குக் கிடைத்தது. சத்தம் போடாமல் எல்லாருக்கும் கிடைக்கிறதே, அதுதான் எனக்குக் கிடைக்கவில்லை.

பாண்டித்துரை கடையிலும் முடித்துவிட்டாய். அவன் முகத்தில் சிரிப்பு, உனக்குப் பின்னாலேயே என் கடை வரைக்கும் வருகிறான், அவன் கையையும் உதவிக்குக் கூட்டிக்கொண்டு. நான் எழுந்து நிற்கிறேன். காலையில் மடித்து வைத்த துண்டை எடுக்கிறேன். நேற்று அவள் போனை வைத்த பிறகு பஜாருக்குப் போய் வாங்கினது, சுத்தமான ஆரஞ்சு, கடைக்காரன் காவி காவி என்று எடுத்துப் போட்டதையெல்லாம் தள்ளிவிட்டு, பழத்தைப் பையிலிருந்து எடுத்து உரித்து, இந்தச் சுளை நிறம் என்று காட்டி வாங்கினது. அந்த நிறத்துக்கு இங்கிலீஷில் அந்தப் பேரை முதலில் எழுதிவைத்தது ஏதோ ராஜ வீட்டுத் துணியைப் பற்றித்தானாம். ஒரு துணியைச் சுட்டிக்காட்டித்தான் ஒருத்தன் சொல்லியிருக்கிறான், இது மஞ்சளும் இல்லை சிவப்பும் இல்லை, இது இதுதான் என்று. நான் துண்டை விரித்து என் வலது கைமேல் போட்டுக்கொள்கிறேன். என்ன அக்கா, சாமியாரா போறீங்களா என்கிறான் பாண்டித்துரை. இரண்டு லோடுமேன்கள் சிரிக்கிறார்கள். மூன்றாவது ஆள் சிரிக்கவில்லை.

நீ வந்து நிற்கிறாய். ஒரு பழத்தை எடுத்து முகர்கிறாய், அதே மூக்கு, அதே நல்ல பழம் என்கிற முகம். என்னைப் பார்க்காமல் கூடையைப் பார்த்து, "சோணை எங்க" என்று கேட்கிறாய்.

"சோணை வீட்டுல இருக்கான் அண்ணாச்சி. கடைக்காரி இங்க இருக்கேன்."

மண்டியில் ஒரு லாரி என்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது, அதையும் எவனோ அணைக்கிறான். உன் கண் என் துண்டுக்கு வருகிறது, துண்டுக்கு அடியில் மேடாக இருக்கிற என் கைக்கு வருகிறது. நீ குரலைத் தாழ்த்துகிறாய், அதுவே எனக்குப் புதுசு, என்னிடம் நீ குரலைத் தாழ்த்திப் பேசினதே கிடையாது.

"நாலு பேர் பார்த்தா என்னம்மா சொல்லுவாங்க."

"பார்க்கக் கூடாதுன்னுதானே அண்ணாச்சி துண்டே போடுறோம்."

உன் வாய் ஓரத்தில் ஏதோ அசைகிறது, சிரிப்பா கோபமா தெரியவில்லை. பாண்டித்துரை தன் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகிறான். உன் தோளில் அந்த வெள்ளைத் துண்டு கிடக்கிறது, அன்றைக்கு நீ உதறிப் போட்ட அதே தோள். அதை நீ எடுக்க வேண்டாம், என் துண்டு போதும். மாயாண்டி பொண்டாட்டியோடு பேசாதே, சோணை கடையோடு பேசாதே, நாரத்தை என்று சொல்லிக்கொண்டே பேசினாலும் சரி, அந்தப் பேர் எங்கெங்கே போய்விட்டு வந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். நாலு என்று சொல்லி அனுப்பினேன், மூன்று என்று எடுத்துக்கொண்டாய், அதைத் திருப்பிக் கேட்கவில்லை, கேட்கப்போவதும் இல்லை. கேட்பது ஒன்றுதான், நீட்டின கைக்கு ஒரு கை, அதை இத்தனை பேர் முன்னால் தட்டிவிட்டது நீ, இத்தனை பேர் முன்னால் கொடுக்க வேண்டியதும் நீ. காட்டுப் பழம் வாடிக்கொண்டிருக்கிறது, வெயில் ஏறுகிறது. உன் வலது கை வேட்டி ஓரத்தை விடுகிறது, நடுவில் நிற்கிறது. ஏன் நிற்கிறது. கொண்டு வா. இன்னும் கொஞ்சம். துண்டுக்குள் விடு. விரலைப் பிடி, பிடித்து, சரியான விலையைச் சொல்.